வளர்கிற வயதும் வகுப்புக் கிண்டலும்: டாக்டரம்மா பதில்கள்

பாளையங்கோட்டையில் குழந்தைகள் மருத்துவம் பார்க்கிறேன். வயிற்று வலி, தலைவலி என்று பள்ளிக்கூடம் போக மறுக்கும் பிள்ளைகளை என்னிடம் கூட்டி வருவார்கள். சோதித்தால் உடம்பில் ஒன்றும் இருக்காது. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பேச்சுக் கொடுத்தால், வகுப்பில் யாரோ வைத்த பட்டப்பெயர் ஒன்று மெதுவாக வெளியே வரும். இந்தக் கேள்வி பதில் அதற்காகத்தான். பிள்ளையின் பெயர், பள்ளியின் பெயர், போட்டோ எதுவும் போடாதீர்கள். மருந்துப் பெயர் கேட்டால் சொல்ல மாட்டேன்.

அம்பாசமுத்திரம், ஒரு அப்பா: பையன் எட்டாம் வகுப்பு, 13 வயது. நெஞ்சு பொம்பளப் பிள்ளை மாதிரி லேசா வீங்கியிருக்கு. ஆத்துல குளிக்கப் போனா சட்டையைக் கழற்ற மாட்டேங்கான். கூடப் படிக்கிற பயலுவ கிள்ளி வைக்கானுவளாம். ஜிம்முக்கு அனுப்பலாமா?

இது நோய் இல்லை. இந்த வயதுப் பையன்களில் பாதிப் பேருக்காவது வருவதுதான். பருவம் தொடங்கும்போது ஆண் ஹார்மோன் ஏறுகிறது. எல்லா ஆண்கள் உடம்பிலும் கொஞ்சம் பெண் ஹார்மோனும் உண்டு. இரண்டும் ஒரு நிதானத்துக்கு வரும்வரை மார்புக்காம்புக்குக் கீழே சின்னக் கட்டியாகத் தட்டுப்படும், தொட்டால் வலிக்கும். பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 2 வருடத்துக்குள் தானாக வடிந்துவிடும். பருமனான பையன்களுக்கு அது வெறும் கொழுப்பாகவும் இருக்கலாம். மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்தே பிரித்துச் சொல்லிவிடுவார். பருவத்தின் வேறு அடையாளம் எதுவும் இல்லாத சின்னப் பையனுக்கு வந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வேகமாகப் பெரிதானாலோ, காம்பிலிருந்து நீர் கசிந்தாலோ, 2 வருடம் தாண்டியும் குறையாவிட்டாலோ கட்டாயம் காட்ட வேண்டும்.

உடற்பயிற்சி நல்லதுதான், ஆனால் இதைக் கரைக்காது. ஜிம்மில் யாராவது பவுடரோ ஊசியோ கொடுத்தால் வாங்கவே கூடாது. அவற்றில் சிலவற்றில் ஆண் ஹார்மோன் கலந்திருக்கும். அது மார்பை இன்னும் பெரிதாக்கும். வளர்கிற எலும்பின் முனைகளைச் சீக்கிரம் மூடி உயரத்தையும் நிறுத்திவிடும்.

கிள்ளுவதைக் கிண்டல் என்று சொல்லாதீர்கள். அடுத்தவன் உடம்பில் கை வைக்கிறார்கள். வகுப்பாசிரியரை நேரில் பார்த்து இதே வார்த்தையில் சொல்லுங்கள். அதற்கு முன்னால் மகனிடம் உட்கார்ந்து பேசுங்கள். உங்களுக்கோ உங்கள் அண்ணன் தம்பிக்கோ அந்த வயதில் இப்படி இருந்திருந்தால் அதைச் சொல்லுங்கள். நான் சொல்லி நம்பாத பையன்கள் அப்பா சொன்னால் நம்புகிறார்கள். ஆற்றில் சட்டையோடு இறங்கினால் இறங்கட்டும். படித்துறையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். "என்னலே, பொட்டச்சி மாதிரி" என்று வீட்டில் சித்தப்பா பெரியப்பா யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் கேட்ட சொல்லைத்தான் பிள்ளைகள் வகுப்புக்குக் கொண்டு போகிறார்கள்.

வள்ளியூர், ஒரு அம்மா: மகனுக்கு 14 வயசு 8 மாசம். அரும்பு மீசைகூட வரலை. வகுப்புலயே இவன்தான் குள்ளம். 'அரை டிக்கெட்'னு கூப்பிடுறாங்களாம். உயரத்துக்கு என்ன குடுக்கலாம்?

முதலில் ஒரு கேள்வி. வீட்டுக்காரர் எந்த வயதில் வளர்ந்தார்? மாமியாரிடம் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும். "பத்தாவது முடிக்கிற வரை சின்னப் பயலா இருந்தான், அப்புறம்தான் கிடுகிடுன்னு வளர்ந்தான்" என்று சொன்னால் பாதி விடை கிடைத்துவிட்டது. தாமதமாகப் பூக்கும் குடும்பங்கள் உண்டு. ஆண் பிள்ளைகளுக்குப் பருவம் 9 முதல் 14 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். மீசையும் குரலும் அதற்கப்புறம் வருபவை. முதல் மாற்றம் விதைப்பை பெரிதாவது. அதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல முடியும். 14 தாண்டியும் தொடங்கவில்லை என்றால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். இடது கை மணிக்கட்டில் ஒரு எக்ஸ்ரே எடுப்போம். வயது 14 ஆனாலும் எலும்பு 12 வயதுக்காரன் எலும்பு போல இருந்தால், அவனுக்கு வளர இன்னும் காலம் மிச்சம் இருக்கிறது என்று பொருள். தைராய்டு, ரத்தசோகை, நாள்பட்ட குடல் கோளாறு எதுவும் இருக்கிறதா என்றும் பார்ப்போம். உங்களுக்கு அருகில் வசதி இல்லை என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவுக்கு வாருங்கள்.

உயரம் கூட்டும் பவுடர் எதுவும் உலகத்தில் இல்லை. விளம்பரத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

'அரை டிக்கெட்' பற்றி ஒன்று. வளர்ச்சி பிந்திய பையன்கள்தான் வகுப்பில் அதிகம் அடி வாங்குகிறார்கள், விளையாட்டு அணியிலும் கடைசியில்தான் எடுப்பார்கள். உயரம் பெரிதாகத் தேவைப்படாத ஏதாவது ஒன்றில் இப்போதே சேர்த்துவிடுங்கள். சதுரங்கம், சிலம்பம், நீச்சல், எதுவானாலும் சரி. அங்கே கிடைக்கும் ஒரு கூட்டாளி பெரிய பாதுகாப்பு.

சங்கரன்கோவில், ஒரு அம்மா: மகளுக்கு 10 வயசு முடிஞ்சு 4 மாசம், அஞ்சாம் வகுப்பு. போன மாசம் வயசுக்கு வந்துட்டா. சடங்கு வச்சோம். தாய்மாமன் ரெண்டு பேர், தெருமுனையில பெரிய ஃப்ளெக்ஸ் வச்சாங்க. திரும்பப் பள்ளிக்கூடம் போனா, ஃப்ளெக்ஸ்ல இருந்த வாசகத்தைச் சொல்லியே பையன்கள் கூப்பிடுறாங்களாம். பெரிய வகுப்புப் பையன்களும் வந்து எட்டிப் பார்க்காங்களாம். போக மாட்டேன்னு அழுதா.

முதலில் உடம்பு. மார்பு வளர்ச்சி 8 வயதுக்கு முன்னால் தொடங்கினாலோ மாதவிடாய் 10 வயதுக்கு முன்னால் வந்தாலோ சோதிக்க வேண்டும். உங்கள் மகள் சற்று முந்தியிருக்கிறாள், அவ்வளவுதான். முதல் இரண்டு வருடம் தேதி முன்னே பின்னே இருக்கும். அதற்கு மருந்து வேண்டாம். உளுந்தங்களி தாராளமாகக் கொடுங்கள். பச்சை முட்டை மட்டும் வேண்டாம், வேகவைத்துக் கொடுங்கள்.

இனி மற்றது. வகுப்பில் மற்றவர்களை முந்தி வளரும் பெண் பிள்ளைகளுக்குத்தான் கிண்டல், வதந்தி, மனச்சோர்வு எல்லாம் அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. உடம்பைப் பார்த்து எல்லாரும் பதினாலு வயதுக்காரியிடம் பேசுவது போலப் பேசுகிறார்கள். உள்ளே இருப்பது பாண்டி ஆடுகிற பத்து வயதுப் பிள்ளை. அவளுக்கு என்ன நடந்தது என்பதே அவளுக்கு முழுதாகப் புரிந்திருக்காது. அதற்குள் அது தெருவுக்கே தெரிந்துவிட்டது.

அந்த ஃப்ளெக்ஸ் இன்னும் இருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். பள்ளியில் தலைமையாசிரியரைப் பாருங்கள். பெரிய வகுப்புப் பையன்கள் எட்டிப் பார்ப்பது நிற்க வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். அவள் விளையாட்டை நிறுத்தாதீர்கள். "இனி ஓடாதே, குனிஞ்சு நட" என்று பாட்டி, அத்தை யாரும் சொல்ல வேண்டாம். தன் உடம்பு ஏதோ தப்புச் செய்துவிட்டதாகப் பிள்ளை நினைத்துக்கொள்கிறது. வகுப்பில் யாராவது அந்த வாசகத்தைச் சொன்னால், "எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் வருவது, உன் அக்காவுக்கும் வரும்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகரப் பழக்குங்கள். வீட்டில் நாலு தடவை சொல்லிப் பார்த்தால் வாயில் வரும்.

நாங்குநேரி, ஒருவர்: டாக்டரம்மா, மருத்துவம் சொல்லுங்க, கேட்டுக்கிடுதோம். சடங்கைக் குறை சொல்லாதீங்க. தாய்மாமன் சீர் கொண்டு வாறது நம்ம மண்ணோட வழக்கம்.

அண்ணாச்சி, சடங்கை நான் குறை சொல்லவில்லை. மாமன் சீர், அத்தைமார் சுற்றும் மஞ்சள் நீர், பிள்ளைக்குப் புதுச் சேலை, இதெல்லாம் அந்தப் பிள்ளையைக் கொண்டாடுகிற மாதிரி நடந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் சொல்வது தெருமுனையில் நிற்கும் பத்தடி ஃப்ளெக்ஸை. அவளோடு படிக்கும் முப்பது பையன்களும் டவுன் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

நாங்குநேரி, அதே நபர்: எங்க வீட்டுலயும் வச்சோம். ஒரு பிள்ளையும் கிண்டல் பண்ணலையே?

உங்கள் வீட்டுப் பிள்ளை உங்களிடம் சொல்லவில்லை என்பதுவரைதான் உங்களுக்குத் தெரியும்.

பேட்டை, கல்லூரி மாணவி: நான் சொல்றேன். ஏழாம் வகுப்புல எனக்கும் வச்சாங்க. அதுல இருந்த என் போட்டோவை ஒரு பையன் செல்லுல எடுத்து வகுப்பு முழுக்கக் காட்டினான். ரெண்டு வாரம் இன்டர்வெல்லுக்கே வெளிய போகலை. எங்க அப்பா கிட்ட இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்லை.

பத்தமடை, ஒரு ஆச்சி (பேத்தி எழுதுகிறாள்): எங்க காலத்துல அண்ணன் வீட்டுக்கு ஆள் விட்டுச் சொல்லுவோம். பொம்பளையாளு மட்டும் கூடி தண்ணி ஊத்துவோம். ஆம்பளைப் பயலுவளுக்குத் தெரியவே தெரியாது. இந்த படம் போடுறதெல்லாம் இப்ப வந்தது.

ஆச்சிக்கு என் வணக்கம். அண்ணாச்சி, வழக்கத்தைப் பற்றி அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

களக்காடு, ஒரு தாய்மாமன்: ஃப்ளெக்ஸ் வைக்கலைன்னா மாமன் செய்யலைன்னு ஊர்ல பேசுவாங்க. மத்த மாமன் வச்சா நான் எப்படி வைக்காம இருக்க?

உங்கள் சங்கடம் புரிகிறது. உங்கள் பெயரும் மற்ற மாமன்மார் பெயரும் போட்டு வையுங்கள், 'எங்கள் இல்ல விழா' என்று எழுதுங்கள். பிள்ளையின் படம் வேண்டாம், எதற்கான விழா என்ற வாசகமும் வேண்டாம். பத்திரிகை வாங்கியவர்களுக்கு விஷயம் தெரியும். அதற்கு முன்னால் மருமகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "உனக்குச் சம்மதமா?" அவள் வேண்டாம் என்றால் வேண்டாம். இது பற்றி இன்னும் எட்டுப் பேர் எழுதியிருக்கிறீர்கள், படித்தேன். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். மேலே போகிறேன்.

மேலப்பாளையம், ஒரு அம்மா: 15 வயசு மகளுக்கு முகம் முழுக்கப் பரு. 'பணியாரம்'னு பட்டப்பேரு வச்சுட்டாங்க. மெடிக்கல்ல ஒரு க்ரீம் குடுத்தாங்க, பத்து நாள்ல பளிச்சுன்னு ஆச்சு. நிறுத்தினா ரெண்டு மடங்கா வருது.

அந்த க்ரீமை நிறுத்துங்கள், குழாயை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதில் ஸ்டீராய்டு இருக்க வேண்டும். முகத்தைச் சீக்கிரம் வெளுக்க வைக்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், சிவக்கும், கன்னத்தில் முடி வளரும், பரு இன்னும் பெருகும். சீட்டு இல்லாமல் அதை விற்கவே கூடாது. பருவுக்கு நல்ல மருந்துகள் உண்டு, பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். பரு வருவது அழுக்கினால் அல்ல. ஹார்மோன் ஏறும்போது தோலின் எண்ணெய்ச் சுரப்பி பெரிதாகிறது, துளை அடைபடுகிறது. "முகம் கழுவ மாட்டியா" என்று வீட்டில் கேட்பதை இன்றோடு விடுங்கள்.

தென்காசி: மகன் 13 வயசு, உயரம் கம்மி...

வள்ளியூர் அம்மாவுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். 13 வயதுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

ராதாபுரம், ப்ளஸ் டூ மாணவன்: எனக்கு 17 வயசு. மீசை, உயரம் எல்லாம் வந்துட்டு. குரல் மட்டும் சின்னப் பிள்ளைக் குரலாவே இருக்கு. 'ஒன்பது'ன்னு கூப்பிடுதாங்க. போன்ல பேசினா 'சொல்லும்மா'ங்காங்க. வகுப்புல வாயே திறக்கிறது இல்ல.

தம்பி, நீ கேட்டது நல்லதாகப் போயிற்று, இதற்குச் சிகிச்சை உண்டு. பருவத்தில் குரல்வளை பெரிதாகிறது, குரல் நாண் நீள்கிறது, குரல் இறங்குகிறது. சிலருக்குக் குரல்வளை வளர்ந்துவிட்டாலும் பழைய உயரக் குரலில் பேசும் பழக்கம் மட்டும் அப்படியே தங்கிவிடும். காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் குரல் நாணைப் பார்ப்பார். அங்கே கோளாறு இல்லை என்றால் பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்புவார். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரப் பயிற்சியிலேயே ஆழமான குரல் வந்துவிடுகிறது. ஊசி, மாத்திரை எதுவும் வேண்டாம்.

அவர்கள் சொல்லும் வார்த்தை உன்னைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அது திருநங்கைகளையும் சேர்த்து அவமதிக்கும் சொல். அதை ஆசிரியரிடம் சொல்வதில் உனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. மனது ரொம்பக் கனத்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசுவார்கள்.

கடையநல்லூர்: உயரம் கூட யோகா உதவுமா? 14 வயசு.

யோகா நல்லது. உயரம் கூட்டாது. மற்றது மேலே இருக்கிறது.

முக்கூடல், நடுநிலைப்பள்ளி ஆசிரியை: ஏழாம் வகுப்பு. ஒரு பிள்ளைக்கு யூனிஃபார்மில் கறை பட்டுவிட்டது, பையன்கள் சிரித்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும், இனி என்ன செய்யலாம்?

டீச்சர், நீங்கள் கேட்டதற்கு நன்றி. இன்று மாலையே அவள் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். பள்ளிக்கு வரச் சொல்லும் அறிவுரை வேண்டாம், சும்மா பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தால் போதும். திரும்பி வரும் நாளில் அவளுக்குப் பிடித்த தோழி வாசலில் நிற்கட்டும்.

அலமாரியில் ஒரு பையில் நாப்கின், மாற்றுப் பாவாடை, ஒரு பழைய துண்டு எப்போதும் இருக்கட்டும். கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அரசு இலவச நாப்கின் திட்டம் 2012லிருந்து இருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள்.

பையன்களுக்கும் பாடம் எடுங்கள். பெண் பிள்ளைகளை மட்டும் தனி அறைக்கு அழைத்துப் பேசிவிட்டு வந்தால், பையன்களுக்கு அது ஒரு ரகசியமாகிவிடுகிறது, ரகசியம் கிண்டலாகிறது. கரும்பலகையில் போட்டே விளக்கலாம். டானர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் பருவ வளர்ச்சியை 5 நிலைகளாகப் பிரித்தார். உங்கள் ஏழாம் வகுப்பில் முதல் நிலையில் இருக்கும் பையனும் நான்காம் நிலையில் இருக்கும் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் இருப்பார்கள், இருவருக்கும் வயது 12. பெண் பிள்ளைகளின் உயர வேகம் பையன்களைவிட ஏறக்குறைய இரண்டு வருடம் முன்னால் வருகிறது. 'நெட்டைக்கொக்கு', 'அரை டிக்கெட்' என்ற இரண்டு பெயரும் இந்த ஒரே காரணத்தால்தான் பிறக்கின்றன என்று சொன்னால் பிள்ளைகள் கவனமாகக் கேட்பார்கள்.

எது விளையாட்டு, எது கொடுமை என்று உங்களுக்கே குழப்பம் வரும். நார்வே உளவியலாளர் டான் ஓல்வியஸ் மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலம் குறைந்தவர் மேல் செய்வது. 1982 கடைசியில் அங்கே மூன்று பையன்கள் உயிரை விட்ட பிறகு, அவர் உழைப்பால் 1983இல் அந்த நாட்டுப் பள்ளிகள் இதைக் கையில் எடுத்தன. அப்புறம் 2001இல் கனடாவில், விளையாட்டு மைதானத்தில் நடந்ததைக் கேமராவில் பதிந்து பார்த்தார்கள். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளில் ஒருவர் குறுக்கே வந்து பேசினால், பாதிக்கும் மேற்பட்ட தடவை 10 வினாடிக்குள் கொடுமை நின்றுபோனது. அதனால் சிரித்த பையன்களில் தலைவனைத் தண்டிப்பதோடு நிறுத்தாதீர்கள். கூடச் சேர்ந்து சிரித்தவர்களில் மனசுக்குள் சங்கடப்பட்டவன் ஒருவன் இருப்பான். அவனைத் தனியாக அழைத்து, அடுத்த முறை "விடுலே, போதும்" என்று சொல்லும் வேலையை அவனிடம் கொடுங்கள்.

வீரவநல்லூர், ஒரு அப்பா: திருப்பி ஒரு அடி குடுன்னு மகன் கிட்ட சொல்லிட்டேன். சரிதானே?

வேண்டாம். பலம் குறைந்ததால்தான் அவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்னும் நாலு பேர் சேர்ந்து அடிப்பார்கள், பள்ளியில் உங்கள் மகன் பெயர்தான் கெடும். தேதி, இடம், யார், என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பாருங்கள். நடக்கவில்லை என்றால் 14417க்குப் பேசுங்கள், பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண்.

திருநெல்வேலி டவுன், ஒரு அத்தை: அண்ணன் மகளுக்கு 15 முடிஞ்சிட்டு, இன்னும் ஆளாகலை. பிள்ளைங்க 'இன்னும் நீ பெரிய மனுஷி ஆகலையா'ன்னு கேக்குதாம். கோயிலுக்கு நேர்ந்திருக்கோம்.

நேர்ச்சையைத் தாராளமாகச் செலுத்துங்கள். இந்த வாரமே மருத்துவரிடமும் காட்டுங்கள். 15 முடிந்தும் மாதவிடாய் வரவில்லை என்றால், அல்லது 13 முடிந்தும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை என்றால், சோதனை தேவை. எடைக் குறைவு, தைராய்டு, வேறு பல காரணங்கள் உண்டு. பலவற்றுக்கு வழி இருக்கிறது. மருத்துவரிடம் போவதை உறவுக்காரர்களிடம் சொல்லாதீர்கள். கல்யாண வீடுகளில் அவளிடம் விசாரிக்க வரும் பெண்களை நீங்களே தடுத்து நிறுத்துங்கள், அத்தையாக அது உங்கள் வேலை.

ஆலங்குளம்: வயது 12, உயரம்...

பதில் மேலே.

பெயர், ஊர் வேண்டாம் என்று ஒரு அம்மா: உடை மாத்தும்போது மகளை யாரோ செல்லுல எடுத்து வாட்சப்பில் அனுப்பிட்டாங்க. ஸ்கூல்ல 'பேசி முடிச்சுக்கலாம்'ங்காங்க.

அம்மா, பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது. 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை அப்படிப் படம் எடுப்பதும் பரப்புவதும் 2012 போக்சோ சட்டத்துக்குள் வரும் குற்றம். தெரிந்தும் புகார் செய்யாமல் மறைத்தால் அதுவும் குற்றம், பள்ளிக்கும் சேர்த்துத்தான். இப்போதே குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள், பிறகு மகளிர் காவல் நிலையம். யார் அனுப்பியது, எப்போது வந்தது என்பதைக் குறித்து வையுங்கள். அந்தப் படத்தை ஆதாரத்துக்கென்றுகூட இன்னொருவருக்கு அனுப்ப வேண்டாம், போனையே காவல் நிலையத்துக்குக் கொண்டு போங்கள். மகளிடம் "நீ ஏன் அங்கே மாற்றினாய்" என்று ஒரு தடவைகூடக் கேட்காதீர்கள். என் கிளினிக்கில் அவளோடு பேச வேண்டும் என்றால், இன்று இரவு எத்தனை மணியானாலும் தனிச்செய்தியில் எழுதுங்கள்.

மீதிக் கேள்விகளில் பாதி உயரம், பாதி க்ரீம். உயரத்துக்கு வள்ளியூர் பதில், க்ரீமுக்கு மேலப்பாளையம் பதில். பையன் நெஞ்சு பற்றிக் கேட்ட மூன்று பேரும் முதல் பதிலைப் படியுங்கள். அதற்கு அப்புறமும் சந்தேகம் இருந்தால், வீட்டில் எழுதி வைத்திருக்கும் பிள்ளையின் பழைய உயரம், எடைக் கணக்கை எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள்.